பெரியப்பா ஆசி சொல்லி முடிக்கும்வரை

ஓஷ் நகரத்து நர்சிங் கல்லூரிக்குள் நுழைவதைவிட ரஷ்யாவுக்குள் நுழைவது சுலபம் என்பார்கள் எங்கள் தெருவில். ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைக்கிறதென்று பேச்சுப் பரவியதிலிருந்து, ஊசியைக் கண்டால் மயங்குகிற பெண்கள்கூட விண்ணப்பிக்கிறார்கள். என் அக்கா பெரிசாத் இரண்டு வருடம் மதிப்பெண் போதாமல் திரும்பி வந்தவள். பகலில் ஆஸ்பத்திரி வார்டில் தரை துடைப்பாள், மாலையில் உயிரியல் படிப்பாள்.

மூன்றாவது வருடம் ஒரு காலையில், பக்கத்து வீட்டு ஊல்கான் சித்தி செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"சுயுஞ்சு! சுயுஞ்சு குடுங்க, அப்பதான் சொல்வேன்!"

நல்ல சேதிக்குப் பரிசு தராமல் இருக்கலாமா? அம்மா தலையில் கட்டியிருந்த பட்டுத்துணியையே அவிழ்த்துக் கொடுத்தாள்.

"உங்க பொண்ணுக்கு சீட்டு கெடச்சிருச்சு! போன்ல போட்டிருக்கான்!"

எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். போனில் வந்த அறிவிப்பைக் கடைசி வரிவரை படித்தவள் அக்கா மட்டும்தான்.

"அம்மா, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நானே போய் சர்டிபிகேட்ட குடுத்துக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"போகலாம்டி. பெரியப்பா வந்துட்டிருக்காரு."

அப்பா இல்லாத வீட்டில் தொக்தோசுன் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். கார் டிக்கியில் ஓர் ஆட்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கறி கொப்பரையில் ஏறுவதற்குள் சொந்தபந்தம் வீட்டை நிறைத்துவிட்டது. அக்கா கையில் டீ கெட்டில்.

"பெரியப்பா, ஒரு எட்டு போயிட்டு வந்துடறேனே..."

பெரியப்பா பேசுமுன் பழைய லாரி மாதிரி இருமுவார். "க்ஹ்ர்ர்ம்! ஆசி வாங்காம எந்திரிச்சா உருப்படுமா? காலேஜுக்கென்ன, கால் மொளச்சு ஓடிடுமா?"

கூட்டமே சிரித்தது.

கறி வெந்தபோது நாலரை. பெரியப்பா கைகளை ஏந்தினார். முதலில் கடவுள், பிறகு ஏழு தலைமுறைப் பாட்டன்மார் ஒவ்வொருவராக, பிறகு மழை, உருளைக்கிழங்கு விளைச்சல். கடைசியில்தான், "இந்தப் பொண்ணு பெரிய நர்ஸாகட்டும். ஓமின்!" எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அக்கா ஓடினாள், பின்னால் நானும்.

கல்லூரி ஜன்னலில் இருந்த பெண் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். "நேரம் முடிஞ்சதும் அடுத்த பொண்ணுக்குக் குடுத்துட்டேனே தங்கச்சி. அது காலையிலேருந்து வாசல்லயே உக்காந்திருந்துச்சு. நீ எங்க போயிருந்த?"

"வீட்ல விருந்து."

"என்ன விருந்து?"

"எனக்கு சீட்டு கெடச்சதுக்கு."

திரும்பி வந்தபோது எலும்பு கடிக்கும் சத்தம் இன்னும் ஓயவில்லை.

"சீட்டு போச்சு, பெரியப்பா."

"க்ஹ்ர்ர்ம். சரி விடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். டீ ஊத்து, தொண்ட காயுது."

எங்கள் ஊரில் பாதிக் கிண்ணம் ஊற்றினால்தான் மரியாதை. அக்கா விளிம்புவரை ஊற்றினாள்.

"என்னம்மா இது, எங்கள வெளிய போகச் சொல்றியா?"

"ஆமா பெரியப்பா. குடிச்சிட்டுக் கெளம்புங்க. நான் படிக்கணும்."