சாவி கொடுத்த இடத்தில் ஏறும் பாட்டு

போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்னுராஜ், கவலைப்படுவதை ஒரு கடமையாகவே செய்து வந்தவர். மழை பெய்தால் வேட்டிக்கட்டு நனையுமே என்று கவலை. பெய்யாவிட்டால் ஏலக்காய் விளையாது, அப்புறம் வேட்டி யார் வாங்குவார்கள் என்று கவலை. இத்தனைக்கும் நடுவே அவர் துணிந்து ஏற்றுக்கொண்ட பதவி ஒன்று உண்டு. ஆலயத்துப் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பியபோது சாமான்களை ஏலம் விட்டார். பொன்னுராஜ் ஒரு கிராமபோன் பெட்டியை எடுத்தார். கோவேறு கழுதையின் முதுகில் இறங்கி வந்ததில் இசைத்தட்டுகள் நொறுங்கிப்போய், ஒன்றுதான் பிழைத்தது. யாரோ ஒரு ஜெர்மன்காரர் எழுதி, வாத்தியமே இல்லாமல் ஒரு கூட்டம் நான்கு குரலாகப் பிரிந்து பாடிய பக்திப் பாட்டு. பொன்னுராஜ் பெட்டியின் முன் கண்ணை மூடி நின்று கையால் தாளம் போடுவார். சாவி கொடுப்பது மனைவி ஞானபாக்கியத்தின் வேலை.

கேட்கக் கேட்க அவருக்கு அதன் இலக்கணம் பிடிபட்டது. பாட்டு ஐந்து கட்டைச் சுருதியில் சுறுசுறுப்பாகத் தொடங்குகிறது. பாதி கடந்ததும் நடை தளர்கிறது. சுருதியும் கூடவே சரிந்து மூன்று கட்டைக்கு வந்து சேர்கிறது. பெண்குரல்கள் ஆண்குரலாகி, ஆண்குரல்கள் எருமைக்குரலாகின்றன. பிறகு திடீரென்று ஓர் உறுமல், பாட்டு மறுபடியும் ஐந்து கட்டைக்குப் பாய்ந்து ஏறுகிறது. பாவத்தில் விழுந்த ஆத்துமா கிருபையால் எழும்புவதைத்தான் அந்த மகான் இப்படி அமைத்திருக்கிறார் என்று பொன்னுராஜ் விளக்கினார். சபைக் குருவான ஐயர் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். குழு அந்தப் பெட்டியைச் சுற்றி நின்று இரண்டு வருஷம் உழைத்து அந்த வீழ்ச்சியையும் உறுமலையும் ஏற்றத்தையும் பிசகில்லாமல் கற்றுக்கொண்டது.

1936ஆம் வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு மதுரையிலிருந்து ஒரு துரைசானி வருவதாக ஏற்பாடு. சங்கீதத்தில் பெரிய படிப்புப் படித்தவர். அவர் குறை சொன்னால் குழுவின் தலைமை ஞானபாக்கியத்தின் அண்ணன் சுயம்புலிங்கத்துக்குப் போகும் என்று சபை மூப்பர்கள் ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். சுயம்புலிங்கம் பழனிசெட்டிபட்டியில் மளிகைக்கடைக்காரர். ஆர்மோனியமும் வைத்திருந்தார், அந்தப் பதவியின்மேல் ஒரு கண்ணும் வைத்திருந்தார்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு சுயம்புலிங்கம் ஒரு புதுக் கிராமபோன் வாங்கினார். "அந்தத் தட்டக் கொண்டாங்க மாப்ளே, நம்ம பெட்டியிலயும் போட்டுப் பாப்போம்" என்றார். போட்டார்கள். பாட்டு ஐந்து கட்டையில் தொடங்கியது. ஐந்து கட்டையிலேயே நடந்தது. விழவில்லை, உறுமவில்லை, போட்ட நடை மாறாமல் போய் முடிந்தது.

"என்ன மாப்ளே, இங்கன ஆத்துமா விழவே காணோம்?" என்றார் சுயம்புலிங்கம்.

பொன்னுராஜ் தட்டை எடுத்து உறையில் போட்டுக்கொண்டே, வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினார்.

"நான் ஏன் வாயத் தெறக்கப் போறேன்? அன்னைக்கு ஆர்மோனியத்த மட்டும் மடியில வச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காந்துக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் பொன்னுராஜ் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஞானபாக்கியம் ஆச்சரியப்படவில்லை.

"நம்ம பெட்டிக்குள்ள சுருள்வில்லு தொவண்டுபோச்சுல்ல. பாதியில படுத்துக்கிரும். நான் சாவி குடுத்தா எந்திரிக்கும்."

"இத ஏன் முன்னாலயே சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். அப்புறம் ஆத்துமா, கிருபைன்னு கண்ணீர் விட்டீக. ஐயரும் பிரசங்கம் பண்ணிட்டாக. அதுக்கு மேல வில்லு கதைய எப்படிச் சொல்ல?"

மறுநாள் ஒத்திகையில் பொன்னுராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இனிமேல் சுருதி இறங்கவும் வேண்டாம், நடை தளரவும் வேண்டாம் என்றார். பாடிப் பார்த்தார்கள். அந்த இடம் வந்ததும் குழு தடங்கலில்லாமல் மூன்று கட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

"ரெண்டு வருசமா எறங்கு எறங்குன்னீக" என்றாள் இரண்டாம் குரல் பாடும் அன்னத்தாய். "இப்ப எறங்காதன்னா தொண்டை கேக்குமா? நேத்து எதுவும் கெட்ட கனாக் கண்டீகளா அண்ணாச்சி?"

பண்டிகையன்று துரைசானி முன்வரிசை நடுவில் அமர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் சுயம்புலிங்கம், மடியில் ஆர்மோனியம். வழக்கமாகக் கண்ணை மூடித் தாளம் போடும் பொன்னுராஜுக்கு அன்று பயத்தில் இமை மூட மறுத்தது. பாட்டு தொடங்கியது. பாதி கடந்ததும் படுத்தது. துரைசானியின் புருவம் உயர்ந்தது. பொன்னுராஜின் கை தாளத்தைத் தவறவிட்டது. யாரும் தப்பு செய்யவில்லை. ஏனென்றால் அவருடைய கையை யாரும் பார்க்கவே இல்லை.

குழு மொத்தமும், ஓரத்தில் பாட நின்ற ஞானபாக்கியத்தின் வலது கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை அவள் இடுப்போரத்தில், முந்தானைக்குக் கீழே, இல்லாத ஒரு பெட்டிக்கு நிதானமாகச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தது. சுற்றச் சுற்ற உறுமல் எழுந்தது, பாட்டு ஏறியது. இரண்டு வருஷமாகத் தாம் கண்ணை மூடித் தாளம் போட்டபோது குழுவை நடத்தியது யார் என்பது பொன்னுராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்த கையோடு, குட்டை உடைப்பதற்காகச் சுயம்புலிங்கம் ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையை அழுத்தினார். குழு வந்து நின்ற சுருதியும் அதுவும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. ஆர்மோனியம் கெட்டுவிட்டதோ என்று அவர் இன்னொரு முறையும் அழுத்திப் பார்த்தார்.

துரைசானி எழுந்து ஐயரிடம் ஏதோ சொல்ல, ஐயர் தமிழில் சொன்னார்: "வாத்தியம் இல்லாமப் பாடினா எந்தக் குழுவும் நடுவுல சுருதி எறங்கிரும், மதுரையில இவுக குழுவும் எறங்குமாம். ஆனா எறங்குனவங்க பழைய சுருதிக்கே திரும்பி ஏறுனத இவுக எங்கயும் கேட்டதில்லையாம். அந்த வித்தைய அங்கன வந்து சொல்லித் தரணும்னு கேக்குறாக."

பதவி தப்பியது. மூப்பர்கள் வந்து கையைப் பிடித்தார்கள். பொன்னுராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மனைவியின் பக்கம் நகர்ந்தார்.

"மதுரைக்கு நீயும் வரணும்."

"நான் எதுக்கு?"

"கேக்காத. வலது கைய மட்டும் சுளுக்காமப் பாத்துக்க."

அன்றிலிருந்து ரயில் ஏறும்வரை ஞானபாக்கியத்தை அவர் உரலைத் தொட விடவில்லை. மாவு ஆட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது. இட்லி கல்லாக வந்தது. அதற்கும் கவலைப்பட்டார்.