பந்துச் சத்தம் நிற்கும்வரை

பதுளையில் எங்கள் வீட்டு டீவியில் ஆண்கள் டென்னிஸ் போட்டி ஓடுகிறது. வெயில் காயும் கெட்டித் தரையில் பந்து 'டொக், டொக்' என்று விழுகிறது.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவிலும் அப்படியொரு சீமெந்துத் தரை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்கு ஓடுவேன். கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கூடையை இறக்கிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள்.

"துரை வெளையாடுறாரு. சத்தம் நிக்கிற வரைக்கும் வேலையக் கவனிக்க இங்க வரமாட்டாரு, வாடி."

பச்சைக் கொழுந்து மணக்கும் மடியில் படுத்துக்கொள்வேன். சத்தம் நின்றதும் எழுந்துவிடுவாள்.

அம்மா இப்போது இல்லை. டீவியில் ஆட்டம் முடியப்போகிறது.

"நீங்க யாரு பக்கம்மா?" என்கிறாள் மகள்.

"யாரு பக்கமும் இல்லடி. இன்னுங் கொஞ்ச நேரம் வெளையாடட்டும்."