மணி முக்கின தண்ணி

பிச்சாட்டூர் ரோட்டோரம் கோயில் மணி வார்க்குற பட்டறை வெச்சிருக்காரே, அந்த ஆள இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது. தீயில ஒரு புருவம் பொசுங்கிப் போயி பாதி மூஞ்சி மொட்டையா இருக்கும். ஆனா அவரு மணி ஓசை தேனாட்டம் இருக்கும், அத்தயும் சொல்லணும்.

வார்த்த மணிய சூடு ஆறத் தொட்டித் தண்ணில முக்குவாரு. ஒவ்வொரு மணிக்கும் புதுசா ஒரு தொட்டித் தண்ணி. முக்கினதும் கரியும் நுரையுமா அத்தினியும் எங்க கால்வாயில தொறந்து வுட்டுருவாரு. அத்தக் குடிச்சிட்டு என் சினை எருமைக்குக் கன்னு கலைஞ்சி போச்சி.

அந்தத் தண்ணியவே ஒரு கொடம் மொண்டுக்கினு போயி அவரு முன்னால வெச்சேன். "குடி நைனா!"ன்னேன்.

"சாமி மணி ஆயா. ஒருக்கா முக்கின தண்ணி எச்சி. மறுக்கா அதுல முக்கக் கூடாது, எங்க வழக்கம்."

"மணிக்கு எச்சி, என் எருமைக்குத் தீர்த்தமா? கோயில் கொளத்துல ஊரே முங்குதே, சாமி கோச்சிக்கினு ஓடிடுச்சா?"

இருக்குற ஒத்தப் புருவத்தத் தடவிக்கினே நின்னாரு. எப்பவும் அதான் அவரு பழக்கம்.

அடுத்த வாரம் போயிப் பாக்குறேன், கால்வாய்ப் பக்கம் ஓட்டைய சிமெண்ட்டு வெச்சி அடைச்சிட்டாரு. இன்னொரு தொட்டி கட்டி, கரி அடியில தங்கினதும் தெளிஞ்ச தண்ணியவே மறுபடி எடுத்துக்கினு இருக்காரு. ஒவ்வொரு மணியும் முக்குறதுக்கு முன்னால அதுல ஒரு துளசி எலை போடுறாரு, எச்சி போவணுமாம்! எனக்குச் சிரிப்பு தாங்கல.

போட்டுக்கட்டும். என் எருமை இன்னும் அந்தக் கால்வாய்கிட்ட போனா மூஞ்சத் திருப்பிக்குது. அதுக்கு எத்தினி எலை போடுவாரு?