கணவன்மார் வரிசை

அடையாறில், என் மனைவி படித்த கல்லூரியின் பழைய மாணவிகள் கூட்டம். கல்லூரி வாசலையே மிதிக்காத நான், கடைசி வரிசையில் மற்ற கணவன்மாரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர், ஒல்லியான உடம்பு, காதோரம் மட்டும் முடி. அவர் மனைவிக்குத்தான் அன்று விருது. பெரிய விஞ்ஞானியாம்.

மேடையில் அந்த அம்மாளின் சாதனைகளை வாசிக்க வாசிக்க, இவர் தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடியே இருந்தார். முனைவர் பட்டம் என்றதும், "அப்ப சின்னவனுக்கு அம்மை." ஜெர்மனியில் ஆராய்ச்சி என்றதும், "ரெண்டு வருஷம் வீட்ல என் ரசம்தான். பாவம், பசங்க."

அந்த அம்மாள் பேசினார். ஆசிரியைகள், தோழிகள், மாமியார் வரை நன்றி சொன்னார். இவர் பெயர் மட்டும் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"என்ன சார், உங்கள விட்டுட்டாங்களே?"

"நான்தான் சொல்லாதேன்னேன். என் பேரை எடுத்தா அழுதுடுவா. இத்தனை பேர் முன்னாடி அழுதுட்டு, வீட்டுக்கு வந்து என்னைத்தானே சார் திட்டுவா?"

கைதட்டல் ஓய்ந்து, விருதோடு இறங்கி வந்த அந்த அம்மாள் இவரிடம், "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்றார்.

"லேசா கண்ணசந்துட்டேன்."

ஒரு சொல் விடாமல் கேட்ட மனிதர் ஏன் அப்படிப் புளுகினார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.