பதினோரு இஞ்ச் படி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் ஞானதாஸ் மேஸ்திரி. பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்க வந்தவர், நாற்பதில் இருபது ஆள் வைத்து வேலை வாங்கினார். பட்டம் படித்த இஞ்சினியர் வரைந்த பிளானைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தே தப்பு சொல்லுவார். திண்டுக்கல்லில் தான் கட்டிய சுவரில் ஒரு விரிசல் காட்டினால் சொந்த வீட்டையே எழுதித் தருவதாகச் சவால். இதுவரை யாரும் காட்டவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ரேஷன் கடைப் பக்கம் போனதே கிடையாது. அது அவர் மனைவி வியாகுலம்மாள் வேலை. 2003 ஐப்பசியில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மகன் இனிகோ திருப்பூரில். பை தூக்க ஆள் இல்லாமல்தான் மேஸ்திரி அவளோடு பேகம்பூர்க் கடைக்குப் போனார்.

போன இடத்தில் தெரிந்த ஒருவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். வியாகுலம்மாள் கடைப் படியில் இரண்டு கைகளையும் ஊன்றி, குழந்தை மாதிரி தவழ்ந்து ஏறிக்கொண்டிருந்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேலே எடை போடும் பழனிக்குமார் எட்டிப் பார்த்தான்.

“ஏம் பாட்டி, வீட்ல ஆள் இல்லையா? சின்னவுக யாரையாச்சும் அனுப்பக் கூடாதா?”

“நான் ஆள் இல்லையாப்பா?” என்றாள் அவள்.

மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “ஏலே, எவன்லே இந்தப் படியைக் கட்டுனவன்? மனுசன் ஏறுறதுக்கா, மாடு ஏறுறதுக்கா?”

பழனிக்குமார் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “நீங்கதான் தாத்தா. கட்டட ஓனர் சொல்லியிருக்காரு.”

அன்று அரிசி வாங்காமலே திரும்பினார்கள். “இனிமே நான் போகலைங்க. தவழ்ந்து போயி வாங்குற சோறு எனக்கு எறங்காது. இன்னொருத்தர் கையில கார்டைக் குடுத்தும் விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வியாகுலம்மாள் கார்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மேஸ்திரி டேப்போடு போனார். மூன்று படி. ஒவ்வொன்றும் பதினோரு இஞ்ச். இருபது வருசத்துக்கு முன்னால், இது ரேஷன் கடை ஆகுமுன்னே, சாக்கடை பொங்கிச் சரக்கு நனைந்ததென்று, கட்டட ஓனர் சனாவுல்லா தளத்தை உயர்த்தச் சொன்னார். நான்காவது படி போட்டால் சாக்கடைக்குள் இறங்கும். “மூணே எட்டு வச்சா ஏறிரலாம் பாய்” என்று அன்றைக்கு மார்தட்டி, அதை மறந்தும் போனவர் இவர்தான். பெருமை பேசிய வாய் இப்போது கசந்தது. கசப்பை யார் மேலாவது கொட்டவேண்டும். நேரே சனாவுல்லா வீடு.

“பாய், படியை இடிச்சு உள்பக்கமா ஏத்திக் கட்டணும். மூணடி எடம் குடு.”

“மூணடியா? என்ன மேஸ்திரி, மண்டை குழம்பிப்போச்சா? இம்புட்டு வருசம் எவனும் கேக்கல.”

“கேக்க வேண்டியவுக படியேறி வரமுடியலைய்யா! நீ அந்தக் கடைக்குள்ள கால் வச்சு எம்புட்டு நாளாச்சு?”

சனாவுல்லாவுக்கு எழுபத்திரண்டு வயது. கடை வாடகை அவர் வீடு தேடி வந்துவிடும். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மேஸ்திரி விடவில்லை. ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்து, கையில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கொடுத்தார். “ஏறு.”

முதல் படி ஏறினார். இரண்டாவதில் கால் உயரவில்லை. பிடிக்க ஒன்றுமில்லாமல் கை காற்றில் துழாவியது.

“என்ன பாய், வீட்ல ஆள் இல்லையா?”

“யா அல்லா... எகத்தாளத்த அப்புறம் வச்சுக்க. மொதல்ல என்னைப் புடிய்யா!”

இறக்கிவிட்டதும் செத்த நேரம் மூச்சு வாங்கினார் சனாவுல்லா. “இடிச்சுக்க. கூலி கேட்டுறாத.”

“உன் கூலி யாருக்கு வேணும்?”

பெரிய ஆபீஸ், பெரிய கடை என்று ஊர் பூராவும் உயர உயரமாகக் கட்டிவைத்து, ஏற முடியாதவனைப் பார்த்து வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்கிற ஊரைத் திட்டிக்கொண்டே, கடப்பாரையை முதலில் ஓங்கியது மேஸ்திரிதான். நான்கு நாள் வேலை. அஞ்சு படி, ஒவ்வொன்றும் ஆறரை இஞ்ச் சொச்சம். பக்கத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி.

ஈரம் காய்ந்ததும் வியாகுலம்மாளைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். வரிசை முழுக்கக் கேட்கும்படி, “மூணு இஞ்ச் குழாய். யானையைக் கட்டுனாலும் அசையாது” என்றார்.

அவள் குழாயைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள்.

“நான் யானை இல்லீங்களே. கைக்குள்ள அடங்க மாட்டேங்குதே!”

“ஐம்பத்தஞ்சு வருசமா வேலை பாக்குறேன், எனக்கே...” என்று ஆரம்பித்தவர் அவள் விரல்களைப் பார்த்தார். கணுக் கணுவாக வீங்கிய விரல்கள், குழாயில் பாதியைக்கூடச் சுற்றவில்லை. பழனிக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நீ வாயை மூடுறா!”

வியாகுலம்மாள் உள்ளங்கையைக் குழாய்மேல் அழுத்தி, ஒவ்வொரு படியாக, நிமிர்ந்து ஏறிப் போய்க் கார்டை நீட்டினாள். அவள் அரிசி வாங்கி முடிப்பதற்குள் மேஸ்திரி தெருமுனை வெல்டிங் பட்டறையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்:

“ஒண்ணேகால் இஞ்ச் குழாய் எடுறா. பொம்பளைக கைக்கு அடங்கணும்!”