ரோலர்காரர் வீட்டுப் படிகள்

அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ரோலர்காரர் வீடு என்று கேட்டால், மூலைக் கடைக்காரர் எடை போடுவதை நிறுத்தாமலே முகவாயால் காட்டுவார். "நேராப் போங்க. எந்த வீட்டுக்குள்ள இறங்கிப் போகணுமோ, அதுதான்."

முப்பது வருடங்களாக நகராட்சியின் ரோட்டு ரோலரை ஓட்டுகிறவர் அவர். கல்யாணமான புதிதில் இங்கே வந்தபோது, கடலோரம் முழுக்கப் படகு பழுதுபார்க்கும் கொட்டகைகளும் மீன் கிடங்குகளும்தான். விடாப்பிடியாக இடம் தேடி அலைந்து, தாழ்வான மணல் தரையில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டார். கொத்தனார் விவரமானவர். "கடல் பக்கம்பா, மூணு படி வெச்சுக்கோ" என்றார். ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம். அந்தப் படிகளில் ஏறித்தான் மனைவி முதல்முறை வீட்டுக்குள் போனாள்.

பிறகு வளர்ச்சி வந்தது. கொட்டகைகள் போய்க் குளிர்பதனக் கிடங்குகள், அவை போய்ப் பதினெட்டு மாடிக் குடியிருப்புகள். லாரிகளின் பாரத்தில் தெருக்கள் குண்டும் குழியுமாயின. உடனே தார் போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பது முறை. ஆனால் சுரண்டும் மெஷின் ஊருக்கு ஒன்றுதான். அது கடற்கரைச் சாலையை விட்டு நகராது. அங்கே மாடிக்காரர்களின் கார்கள் நிலத்துக்கு அடியில் நிற்கின்றன, அவை நனையக் கூடாதே! உள்தெருக்களில் பழசின் மேலேயே புதுசு. ஒவ்வொரு தடவையும் நாலு அங்குலம்.

அப்படி ஆறு தடவை. ஆறு தடவையும் அந்தத் தெருவில் ரோலர் ஓட்டி அழுத்தியவர் இவர்தான். கடைசித் தடவை வேலை முடிந்து இறங்கியபோது மூன்று படியும் மண்ணுக்குள் போயிருந்தன, வீட்டுத் தரை ரோட்டைவிட மூன்று அங்குலம் கீழே கிடந்தது. அந்த வருட மழையில் கட்டில் கால்கள் ஊறின.

"ஊர் உலகத்துக்கெல்லாம் ரோடு போட்டீங்க. நம்ம வீட்டைத்தான் புதைச்சீங்க" என்றாள் மனைவி, அரிசி மூட்டையை மேஜைமேல் தூக்கி வைத்தபடி.

தரையை உயர்த்தலாம் என்றால் கூரை தாழ்வு, மின்விசிறி தலையைச் சீவிவிடும். எழுதிப் போட்ட மனுக்களெல்லாம் கிணற்றில் போட்ட கல். இளம் இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை கண்டிப்பா சுரண்டிடலாம்ணே" என்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாவது அடுக்குக்கு உத்தரவு வந்தது. வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர், அன்று ரோலரை விட்டு இறங்கி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"சுரண்டினாத்தான் ஏறுவேன் சார்."

"வேற டிரைவரை வரச் சொல்லட்டுமா?"

"தாராளமா."

வேறு டிரைவர் வந்தார். அந்தக் கிழட்டு ரோலரில் ரிவர்ஸ் கியர் மூன்றாம் தடவைதான் விழும், அதுவும் காலால் ஓர் உதை கொடுத்தால். எங்கே உதைப்பது என்று இவருக்கு மட்டுமே தெரியும். வந்தவர் அரை நாள் முக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இன்ஜினியரின் சிரிப்பு காணாமல் போனது.

"சரி, மெஷின் தர்றேன். உங்க ஒரு தெருவுக்கு மட்டும்தான்."

"அது போதும் சார்" என்றார் இவர். அந்த இரண்டு வார்த்தையைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்று நாள் சுரண்டினார்கள். ஆறு அடுக்கும் போய்ப் பழைய தெரு வந்தது. மூன்றாம் நாள் மாலை படிகள் தலைகாட்டின. மனைவி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து மூன்றையும் தேய்த்துக் கழுவி, கடைசிப் படியில் கால்நீட்டி உட்கார்ந்தாள். எதிர்வீட்டு டைலர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, நீங்கதான் ஆம்பளை" என்றார். இவருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த வாரமே மழை.

சுற்றியிருந்த பதினோரு தெருவும் ஆறு ஆறு அடுக்கு உயர்ந்து நின்றன. அவற்றையும் அழுத்தியவர் இவரேதான். ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், தன் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு அதைக் கோட்டைவிட்டுவிட்டார். பதினோரு தெருவின் தண்ணீரும் இந்த ஒரு பள்ளத்தைத் தேடி வந்தது. ஒரு படி, இரண்டு படி, மூன்று படி. கடைசியில் வீட்டுக்குள் அதே மூன்று அங்குலம். முன்பாவது மறுநாளே வடிந்துவிடும். இப்போது வடியப் போக்கிடம் இல்லை. ஒன்பது நாள் தெருவே முழங்காலுக்கு மேல் நின்றது. டைலரின் இரண்டு தையல் மெஷினும் முங்கின. இவரைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

தண்ணீர் வடிந்ததும் இன்ஜினியர் ஒரு காகிதத்தோடு வந்தார். சிரிப்பும் திரும்பியிருந்தது.

"தெருக்காரங்க மனு குடுத்திருக்காங்கண்ணே. ரெண்டடியும் திரும்ப நிரப்பணுமாம்."

"யார் யாரு?"

காகிதத்தை நீட்டினார். முதல் கையெழுத்து யாருடையது என்று படிக்காமலே தெரிந்தது. ரேஷன் கார்டில் பார்த்த அதே கோணல் எழுத்து. திரும்பிப் பார்த்தார். மனைவி வாசலில் ஈரப் பாயைப் பிழிந்துகொண்டிருந்தாள், இவர் பக்கம் நிமிரவில்லை.

ஜல்லி வந்தது, தார் வந்தது. இரண்டடி நிரம்பியதும் நிறுத்தச் சொல்லி இவர் கையைக் காட்டினார். இன்ஜினியர் முடியாதென்று தலையாட்டினார். "அந்த ஏழாவது அடுக்கு பாக்கி இருக்குல்லண்ணே? அதுக்கு ஆர்டர் அப்பவே ஆயிடுச்சு."

இன்னும் நாலு அங்குலம். இனி வீடு ரோட்டைவிட ஏழு அங்குலம் கீழே, சரியாக ஒரு படி.

இவர் ரோலரில் ஏறினார். கியரைத் தள்ளினார், விழவில்லை. மறுபடி தள்ளினார், விழவில்லை. காலால் ஓங்கி உதைத்தார். அது கியருக்குக் கொடுத்த உதை மாதிரியே இல்லை என்று இன்ஜினியர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

கியர் விழுந்தது. வாசலை ஒட்டி ரோலர் வந்தபோது மனைவி பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

"நல்லா அழுத்துங்க" என்றாள். "இன்னொரு தடவை தோண்டச் சொல்லிடாதீங்க."