மலைக்குக் காட்டிய மோர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருடங்களாகத் தயங்கினேன். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். எழுதினால் நான் செய்த தவறு நாலு பேருக்குத் தெரியும். எழுதாமல் விட்டால், கிடைத்த உதவியை மறைத்தவள் ஆகிவிடுவேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் திருவண்ணாமலை வேங்கிக்காலில் கடனை உடனை வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடி வந்திருந்தோம். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். அதனாலேயே பூஜை அறை என்று தனியாக ஒன்று வேண்டாம் என்றுவிட்டேன். எது சமைத்தாலும் எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைப் படியில் நின்று, உச்சியைப் பார்த்துக் காட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சாப்பிடுவோம். சாமிக்குக் காட்டும் முன் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன். உப்பு, புளி, காரம் எல்லாம் கண்ணளவுதான்.

என் கணவருக்குக் கேரம் என்றால் உயிர். ஞாயிறு மதியமானால் அவரோடு சேர்த்து நாலு பேர் எங்கள் கூடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒருவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். இன்னொருவர் என் கணவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் நண்பர். ஆட்டம் முடிவதற்குள் ஒரு குண்டான் போண்டா, ஒரு தட்டு பஜ்ஜி, பாகு மாதிரி இனிக்கும் டீ எல்லாம் காலியாகும். நானும் பெருமையாகத்தான் சுட்டுச் சுட்டுப் போட்டேன்.

ஒருநாள் அந்த ஆபீஸ் நண்பருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். நாலு மாதம் ஆட்டமே இல்லை. பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது. மற்ற மூன்று பேரும் பயந்துபோய் பரிசோதனை செய்துகொண்டார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, என் வீட்டுக்காரருக்கு இரண்டும்!

நாலு மாதம் கழித்து, ஐப்பசியில், அந்த ஆபீஸ் நண்பரின் மனைவி என்னைத் தேடி வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அக்கா, நாலு மாசமா செவுத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்காரு. தூக்கத்துல கூட விரலைச் சுண்டுறாரு. ஞாயித்துக்கிழமை அனுப்பி வைக்கிறேன். எண்ணெய் கூடாது, இனிப்பு கூடாது, உப்பு கம்மியா இருக்கணும். வேற யார் வீட்டுக்கும் நான் அனுப்ப மாட்டேன். உங்க கையை நம்பித்தான் அனுப்புறேன்."

"நீ தைரியமா அனுப்பும்மா. என் பொறுப்பு" என்றேன். அந்த வார்த்தையை நான் லேசாகச் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாளாக யோசித்தேன். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றாமல் நாலு ஆம்பிளைகளை ஒரு மதியம் முழுக்கச் சந்தோஷப்படுத்துவது எப்படி? கடைசியில் முளைகட்டிய பச்சைப்பயறை ஆவியில் வேகவைத்துச் சுண்டல், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பச்சை வேர்க்கடலையைத் தோலோடு அப்படியே உப்பில்லாமல் அவித்தது, வெள்ளரிப்பிஞ்சு, குடிக்க இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோர் என்று முடிவு செய்தேன். அப்போது எங்கள் தெருவில் எல்லோரும் ரத்தக் கொதிப்புக்கு இந்துப்புதான் நல்லது என்பார்கள். சரியோ தப்போ, நானும் நம்பினேன். "டவுனுக்குப் போனா கொஞ்சம் இந்துப்புத் தூள் வாங்கியாங்க" என்று இவரிடம் சொல்லி அனுப்பினேன். இவர் அதையும் வாங்கி, கையோடு கேரம் பலகைக்குப் போடும் பவுடரையும் வாங்கி வந்தார். டப்பா விலை ஜாஸ்தி என்று அதையும் பொட்டலமாகவே வாங்கியிருந்தார். பையைப் பிரித்து ஒன்றை அடுப்படியிலும் ஒன்றைப் பலகைக்குப் பக்கத்து ஜன்னலிலும் வைத்தது நான்தான்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அந்த நண்பர் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. வாத்தியார் விடவில்லை. "இன்னாய்யா, உங்க அண்ணன் சட்டையைப் போட்டுக்கினு வந்துட்டியா?" என்று கேட்க, அவர் சிரித்தார். நாலு மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

சுண்டலிலும் மோரிலும் உப்பைப் போட்டேன். பொட்டலத்தில் இருந்தது விபூதி மாதிரி நைசாக இருந்தது. நல்லா அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மோர்ப் பாத்திரத்தையும் சுண்டலையும் எடுத்துக்கொண்டு கொல்லைப் படிக்குப் போனேன்.

மலை இல்லை.

உண்மையாகவே இல்லை. உச்சி மட்டும் மறைவது அடைமழைக் காலத்தில் சகஜம். அன்றைக்கு அடி வரைக்கும் மேகம் இறங்கி, மலை இருந்த இடத்தில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாதிரி வானம்தான் இருந்தது. மழையும் பெய்யவில்லை, காற்றும் அடிக்கவில்லை. நான் பாத்திரத்தோடு நின்றேன்.

உள்ளே இருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "ஏம்மா, மேகத்துக்குப் பின்னாடி மலை அங்கியேதான் இருக்குது. எங்கியும் போயிடல. காட்டிட்டு எடுத்துக்கினு வா."

அவர் சொன்னது நியாயம்தான். வேறொரு நாளாக இருந்தால் நானும் அப்படியே செய்திருப்பேன். அன்றைக்கு என்னமோ மனசு கேட்கவில்லை. பிழைத்து வந்த மனிதருக்குக் கொடுக்கப் போகிறோம், உச்சியைப் பார்த்துக் காட்டிவிட்டே கொடுப்போம் என்று பிடிவாதமாக நின்றேன்.

"அண்ணி, மலை வர்றதுக்குள்ள மோரு திரும்பத் தயிராயிடும் போலருக்குது!" என்றார் வாத்தியார்.

"சும்மா இருய்யா. அதுக்குள்ள ஒரு போர்டு போட்டுடலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வழக்கமாக வயிற்றுக்கு ஏதாவது போட்ட பிறகுதான் பலகையைப் போடுவார்கள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் முதலில் ஆட்டம் ஆரம்பமானது. நான் படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் சரியாக நடக்கவில்லை. அந்த ஈரக் காற்றில் பலகை ஊறிப்போய்க் காய் நகரவே இல்லையாம். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். டப்பாவின் அடியில் இருந்த பழைய பவுடரைத் தட்டித் தட்டித் தீர்த்தார்கள்.

அரை மணிக்கு மேலேயே இருக்கும். மேகம் நடுவில் கொஞ்சம் விலகி உச்சி மட்டும் தெரிந்தது. கீழே ஒன்றும் இல்லை, உச்சி மட்டும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "அப்பா, இது சாப்பிடுறவங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது" என்று வேண்டிக்கொண்டு உள்ளே போய், மோரைத் தம்ளர்களில் ஊற்றித் தட்டில் வைத்துக் கூடத்துக்கு எடுத்து வந்தேன்.

முதல் தம்ளரை அந்த நண்பரிடம் கொடுத்தேன். அவர் அதை இடது கையில் வாங்கிக்கொண்டு, "இருங்க அண்ணி, இந்த ரெட் காயைப் போட்டுட்டுக் குடிக்கிறேன். ஜெயிச்சுட்டுக் குடிச்சா ருசியே தனி" என்றார். என் கணவர், "இரு, இரு, பவுடர் போட்டுத் தர்றேன். அப்புறம் காய் ஓடலன்னு சாக்கு சொல்லாத" என்று ஜன்னலில் இருந்த புதுப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினார். நண்பர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். அது ஒரு சாண் தூரம் கரகரவென்று போய் நின்றுவிட்டது.

"இன்னாய்யா வாங்கினு வந்த? ஆத்து மணலா?" என்று சொல்லிக்கொண்டே அவர் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். அதே நேரம் வாத்தியார் பலகையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யோவ், உப்புய்யா இது! கேரம் போர்டுல ஊறுகா போடப் போறியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு உறைத்தது. உப்பு இங்கே இருக்கிறது என்றால், மோரில் இருப்பது என்ன?

தம்ளர் அவர் உதட்டில் பட்டிருந்தது. தட்டை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினேன். பலகை முழுக்க மோர். விருந்துக்கு வந்தவர் வாயிலிருந்து பிடுங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "குடிச்சீங்களா? ஒரு வாய் குடிச்சீங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இல்லீங்க அண்ணி. உதட்டுல பட்டுது, அவ்ளோதான்" என்று துடைத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே இருந்த பொட்டலத்தில் இருந்ததை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கேரம் போர்டுக்கு வாங்கின போரிக் பவுடருங்க. எறும்புக்கும் கரப்பான்பூச்சிக்கும் வைக்கிறது. நமக்கே வயித்துல போகக்கூடாது. இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த ஆளுக்கு..." நண்பரைத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார்.

மோரையும் சுண்டலையும் தெருவில் கொட்டினால் மாடு வாய் வைக்கும் என்று வாத்தியாரே கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார். நான் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பயம் போன பிறகு இன்னொரு எண்ணம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. நான் இதையல்லவா சாமிக்குக் காட்டினேன்? "அண்ணாமலையாருக்கு விஷத்தைக் காட்டிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த நண்பர்தான் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார்.

"அண்ணி, எதுக்கு அழுவுறீங்க? அவருக்கு இது புதுசா? ஏற்கெனவே குடிச்சுப் பழக்கப்பட்டவர்தானே."

சமாதானத்துக்கு, வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகக் கேட்கவில்லை. உலகத்துக்கு வந்த நஞ்சைத் தான் வாங்கிக் கழுத்தில் வைத்துக்கொண்டவர். நான் நீட்டியதையும் முதலில் அவர்தான் வாங்கினார். நிமிர்ந்து பார்த்தேன். மறுபடி மேகம் மூடி, உச்சியும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த மேகம் மலையை மறைத்ததால் மோர் தாமதமானது. அந்த மேகத்தின் ஈரத்தால்தான் பலகை ஊறியது, பழைய பவுடர் தீர்ந்தது, புதுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரே மேகம் இரண்டு வேலை செய்திருக்கிறது. அப்படியே படியில் விழுந்து கும்பிட்டேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் நானே அந்த நண்பர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சொல்லாதே, பயந்துடுவா" என்று இவர் தடுத்தார். என் கையை நம்பி அனுப்பியவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் முழுசாகக் கேட்டாள். சின்னப் பெண்ணை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இனி அந்த மனிதரை எங்கள் வாசல் மிதிக்க விடமாட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் கூட வர்றேன்" என்றாள். "நீங்க சாமிக்குக் காட்டுறதுக்கு முன்னாடி நான் ருசி பாத்துடறேன். அந்தப் பாவம் எனக்கு வரட்டும்."

சொன்னபடியே வந்தாள். ஆனால் அவளைப் பாவத்தில் விட நான் சம்மதிக்கவில்லை. அன்றிலிருந்து சாமிக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். மீதியை நான் ருசி பார்க்கிறேன். ருசி பார்த்த பிறகுதான் அந்தக் கிண்ணத்தைக் காட்டுகிறேன். பக்தி என்று நான் நினைத்திருந்ததில் பாதி கவனக்குறைவு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த நண்பர் நன்றாக இருக்கிறார். பெரிய பெண்ணுக்குப் போன வைகாசியில் கல்யாணம் செய்து கொடுத்தார்.

எங்கள் தெருவில் இந்த விஷயத்துக்கு இப்போது இறக்கை முளைத்துவிட்டது. ஒரு சாமியார் வந்து தம்ளரைத் தட்டிவிட்டார் என்கிறார்கள். மோர் நீலமாக மாறியது என்கிறார்கள். மலையிலிருந்து குரல் கேட்டது என்று என்னிடமே ஒரு அம்மா வந்து சொன்னார். அதனால்தான் தயக்கத்தை விட்டு இதை எழுத உட்கார்ந்தேன். சாமியாரும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. ஐப்பசியில் எல்லா வருடமும் வருகிற சாதாரண மேகம்தான் வந்தது. சாதாரண மேகமாக இருந்ததுதான் என்னை இன்றுவரை அதிசயத்தில் வைத்திருக்கிறது. படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் தவறைக் குறைக்க வேண்டாம், அண்ணாமலையார் செய்ததைக் கூட்டவும் வேண்டாம். மேகம் என்று மட்டும் சொல்லுங்கள். மலை தெரியாத நாட்களில்தான் இப்போதெல்லாம் நான் அதிக நேரம் அந்தப் படியில் நிற்கிறேன்.